வண்டியும் சரக்கும் வாடகையும்

அண்மைக் காலமாக நமது சங்கங்களின் கூட்டங்களில் ஒரே கேள்வி இரண்டு விதமாக எழுந்து வருகிறது. "ஏதோ ஒரு கிருமியைக் கொண்டு செடிக்குள் புது மரபணுவை ஏற்றி விதை செய்கிறார்களாமே, அதை வாங்கி விதைக்கலாமா?" என்பது விவசாய அங்கத்தினரின் கேள்வி. "அப்படி விளைந்த பஞ்சில் நூற்ற நூல்தானா நம் தறியில் ஓடுகிறது? துணிக்கு அதனால் தோஷம் உண்டா?" என்பது நெசவாள அங்கத்தினரின் கேள்வி.

இவற்றுக்கு வெளியில் இரண்டு வகை விடைகள் கிடைக்கின்றன. ஒரு சாரார் "எல்லாம் நஞ்சு" என்று எச்சரிக்கின்றனர். மற்றொரு சாரார் "விஞ்ஞானம் தந்த வரம், பேசாமல் பெற்றுக்கொள்க" என்கின்றனர். கணக்குப் பார்க்காமல் சொல்லப்படும் விடை எதுவாயினும் அது கூட்டுறவாளருக்குப் போதாது. சங்கக் கிடங்கில் ஒரு மூட்டையை இறக்கும்போது, வந்த வண்டி எது, ஏற்றி வந்த சரக்கு எது, கொடுத்த வாடகை எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியே பதிவு செய்கிறோம். விதை விஷயத்திலும் இம்மூன்றையும் பிரித்தே பார்க்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அவ்வாறு பார்த்தால், நம்மவர் அஞ்சிக்கொண்டிருக்கும் இடம் ஒன்றாகவும், உண்மையில் எச்சரிக்கை வேண்டிய இடம் வேறொன்றாகவும் இருப்பது புலப்படும்.

கொரட்டூர் ஏரியை நம்பியிருந்த வயல்கள் பெரும்பாலும் வீட்டுமனைகளாகிவிட்ட இந்நாளில், பருத்தி விதையைப் பற்றி இவ்வட்டாரத்தில் பேசுவானேன் என்று சிலர் கருதலாம். வயல் போனாலும் விதையின் விளைவு நம்மை விட்டுப் போகவில்லை. அம்மையார்குப்பத்துத் தறியாயினும் பொதட்டூர்பேட்டைத் தறியாயினும், பருத்தி நூல் ஓடும்வரையில், பருத்தி விதையின் நல்லது கெட்டது அந்த நூலின் விலையிலும் உறுதியிலும் வந்து நிற்கும். இன்று இந்தியாவில் விளையும் பருத்தியில் 10-ல் 9 பங்குக்கு மேல் மரபணு ஏற்றிய விதையிலிருந்து வருவதே. ஆகவே இது விவசாயிக்கும் நெசவாளிக்கும் பொதுவான விஷயம்.

வண்டி எது?

ரோஜாச் செடிகளை வாங்கி வளர்ப்போர், சிலவற்றில் தண்டும் வேரும் சேரும் இடத்தில் கழலை போல் ஒரு முண்டு புடைத்திருப்பதைக் கண்டிருக்கலாம். அதற்குக் காரணம் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா என்பதை 1907-ம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான எர்வின் ஸ்மித்தும் டவுன்சென்டும் கண்டறிந்தனர். இன்று விஞ்ஞானிகள் அதனை அக்ரோபாக்டீரியம் என்று அழைக்கின்றனர். கிருமி மடிந்த பின்னரும் கழலை தானாகவே வளர்கிறது என்பதை ஆர்மின் பிரவுன் என்பவர் 1940-களில் காட்டினார். அப்படியானால் கிருமி எதையோ செடிக்குள் விட்டுச் செல்லவேண்டும். அது என்ன?

1974-ம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டுக் கெண்ட் நகரில், ஜெஃப் ஷெல், மார்க் வான் மாண்டகு ஆகியோரின் குழுவினர், கழலை உண்டாக்கும் ஆற்றல் இக்கிருமியின் உள்ளே தனியாகக் கிடக்கும் ஒரு பெரிய டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதைக் கண்டனர். பிளாஸ்மிட் என்பது அவ்வளையத்தின் பெயர். 1977-ம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மேரி டெல் சில்டனும் உடனுழைத்தோரும், அந்த வளையத்தின் ஒரு துண்டு செடியின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே சென்று அமர்ந்துவிடுகிறது என்பதை நிரூபித்தனர். மனிதர் கற்றுக்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே, ஓர் உயிரின் மரபணுவை வேறோர் உயிரில் ஏற்றும் தொழிலை இந்த நுண்ணுயிர் செய்து வந்திருக்கிறது.

அத்தொழிலை நடத்துபவை 'விர்' மரபணுக்கள் எனப்படுபவை. ஒரு சங்கத்தின் சிப்பந்திகளைப் போல் அவை வேலையைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. செடியில் காயம் பட்டால் அங்கிருந்து சில ரசாயனப் பொருள்கள் கசிகின்றன. அதனை மோப்பம் பிடிப்பது விர்-ஏ தரும் புரதம். அது விர்-ஜி புரதத்துக்குச் செய்தி சொல்ல, மற்ற விர் மரபணுக்கள் யாவும் விழித்து வேலை தொடங்குகின்றன. விர்-டி புரதங்கள் பிளாஸ்மிட்டிலிருந்து குறிப்பிட்ட துண்டை வெட்டி எடுக்கின்றன. விர்-பி தொகுதியின் 11 மரபணுக்கள், விர்-டி4 துணையுடன், கிருமியிலிருந்து செடியின் உயிரணுவுக்கு ஒரு குழாய்ப்பாதை அமைக்கின்றன. வெட்டிய துண்டின் முனையில் ஒரு விர்-டி2 புரதம் ஒட்டிக்கொண்டு வழிகாட்டியாகச் செல்கிறது. விர்-இ2 புரதம் துண்டின் மேல் உறை போல் படிந்து, அது சிதையாமல் காக்கிறது. இவ்வாறு காவலும் வழிகாட்டியுமாகத் துண்டு உயிரணுவின் கருவை அடைந்து, செடியின் டி.என்.ஏ.வில் இணைகிறது.

எங்கே வெட்டுவது என்பதை விர்-டி எப்படி அறிகிறது? நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. ஒரே பாவில் அடுத்தடுத்து நெய்யும் இரண்டு சேலைகளுக்கிடையே சிறிதளவு ஊடை போடாமல் விடுகிறோம். வெட்டுபவர் அந்த இடத்தைப் பார்த்து வெட்டுகிறார். நடுவில் உள்ளது பட்டுக்கரையா, சாதாக்கரையா என்பது அவருக்கு வேண்டுவதில்லை. அதுபோலவே இத்துண்டின் இரு எல்லைகளிலும் 25 எழுத்துகள் கொண்ட அடையாளம் இருக்கிறது. விர்-டி அந்த அடையாளத்தை மட்டுமே பார்க்கிறது. நடுவில் இருப்பது என்ன என்று கேட்பதில்லை.

இயற்கையில் நடுவில் இருப்பவை கழலையை வளர்க்கும் மரபணுக்களும், ஓபைன் என்னும் பொருளைச் செடியே தயாரிக்கும்படி செய்யும் மரபணுக்களும் ஆகும். ஓபைன் அக்கிருமியின் உணவு. செடியைத் தன் உணவுச்சாலையாக்கிக் கொள்வதற்கே கிருமி இவ்வளவு பாடுபடுகிறது. அந்த ஓபைனே விர் மரபணுக்களின் வேலையை மேலும் தூண்டுகிறது என்பதை 1989-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியாளர்களுள் நம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பியும் ஒருவர் என்பது தமிழ்நாட்டார் அறிந்து மகிழத்தக்கது.

வெட்டுபவர் சரக்கைப் பார்ப்பதில்லை என்ற இந்த ஓர் உண்மையின்மீதே புதிய விதைத் தொழில் எழுந்திருக்கிறது. விஞ்ஞானிகள் எல்லை அடையாளங்களை அப்படியே விட்டுவிட்டு, நடுவிலிருந்த கழலை மரபணுக்களை நீக்கி, தாம் விரும்பிய மரபணுவை அங்கே வைத்தனர். 1983-ம் ஆண்டில் ஹாலந்தின் லெய்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், விர் மரபணுக்களை ஒரு பிளாஸ்மிட்டிலும் ஏற்றவேண்டிய துண்டை வேறொரு பிளாஸ்மிட்டிலும் வைத்தாலும் வேலை நடக்கும் என்று காட்டினர். அதாவது, வண்டியும் சரக்கும் அடியோடு பிரிந்துவிட்டன. சரக்கை இறக்கியபின் வண்டி செடியில் தங்குவதில்லை. விர் மரபணுக்கள் கிருமியோடு நின்றுவிடுகின்றன. விதையில் இருப்பது சரக்கு மட்டுமே.

இந்த வண்டியிலும் குறைகள் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. சரக்கு செடியின் டி.என்.ஏ.வில் எந்த இடத்தில் இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சில வேளைகளில் எல்லை அடையாளத்தைத் தாண்டி அடுத்திருக்கும் துண்டும் கூடவே வந்துவிடுவதுண்டு. ஆகையால் மரபணு ஏற்றிய செடிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தே தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. ஆனால் வண்டியே இயற்கைக்கு விரோதமானது என்ற வாதம் நிற்காது. நாம் அவித்து உண்ணும் சர்க்கரைவள்ளிக் கிழங்கே அதற்குச் சாட்சி. 2015-ம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியில், பயிரிடப்படும் சர்க்கரைவள்ளி வகைகள் 291-ஐச் சோதித்தபோது, அத்தனையிலும் அக்ரோபாக்டீரியம் ஏற்றிவிட்ட டி.என்.ஏ. காணப்பட்டது. எந்த ஆராய்ச்சிச்சாலையும் தோன்றுவதற்கு முன்னரே நடந்த ஏற்றுமதி அது.

சரக்கு எது?

இனிச் சரக்கைப் பார்ப்போம். 2002-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மத்திய அரசாங்கத்தின் மரபணுப் பொறியியல் குழு பி.டி. பருத்திக்கு அனுமதி தந்தது. மண்ணில் வாழும் வேறொரு பாக்டீரியாவின் மரபணு அதில் சரக்கு. செடியைத் தின்ற காய்ப்புழு மடியும்படி அது ஒரு புரதத்தைத் தயாரிக்கிறது. ஏற்றிச் சென்ற வண்டி அக்ரோபாக்டீரியம். 2006-ம் ஆண்டில் அனுமதி பெற்ற இரண்டாம் தலைமுறைப் பருத்தியில் கூடுதலாகச் சேர்த்த மரபணுவோ, நுண்ணிய உலோகத் துகள்களில் பூசித் துப்பாக்கி போன்ற கருவியால் செலுத்தப்பட்டது. வண்டி வேறாயினும் விவசாயி கண்ட பலனும் பாடும் ஏறத்தாழ ஒன்றே. வண்டியைப் பற்றிய சண்டை பயனற்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பலன் இருந்தது. தொடக்க ஆண்டுகளில் காய்ப்புழுவுக்காகத் தெளித்த மருந்து குறைந்தது. ஹெக்டேருக்கு 300 கிலோவை ஒட்டியிருந்த பஞ்சு விளைவு 2007-08-ல் 550 கிலோவை ஒட்டி உயர்ந்தது. விதையோடு பாசனமும் உரமும் சேர்ந்த பலன் அது. பாடும் வந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதற் சரக்கை வென்றுவிட்ட செய்தி 2010-ம் ஆண்டில் குஜராத்திலிருந்து வெளிப்பட்டது. சில ஆண்டுகளில் இரண்டாவது சரக்கையும் அது வென்றது. விளைவும் பழைய உயரத்தில் நிற்கவில்லை.

மற்றச் சரக்குகளின் கதை வேறு. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்குகொண்டு உருவாக்கிய பி.டி. கத்தரிக்காய், 2010 பிப்ரவரி 9-ம் நாள் மத்திய அரசாங்கத்தால் நிறுத்திவைக்கப்பட்டது. அதே சரக்கை வங்காளதேசம் 2013-ல் ஏற்று, அடுத்த ஆண்டில் பயிரிடத் தொடங்கியது. மரபணு ஏற்றிய கடுகுக்கு 2022-ல் அனுமதி கிடைத்தும், 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு வழங்கினர். மதுரையில் வேலுத்தம்பியின் குழுவினர் இலையுறைக் கருகல் நோயைத் தாங்கும் மரபணுவை நெல்லில் ஏற்றிப் பார்த்தனர். உளுந்தில் மரபணு ஏற்றும் வழியையும் 1996-ல் வெளியிட்டனர். தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், உப்பு நீரில் வாழும் அலையாத்தி மரத்தின் மரபணுவை நெல்லில் ஏற்றி, உவர்ப்பைத் தாங்கும் திறன் கூடுவதை 2008-ல் வெளியிட்டனர். இவை ஆராய்ச்சி நிலையைத் தாண்டி நம் வயலுக்கு வரவில்லை.

புழுவைக் கொல்லும் சரக்கும், நோயைத் தாங்கும் சரக்கும், உவரைத் தாங்கும் சரக்கும் ஒன்றாகா. நாம் உண்ணும் காயில் இருப்பதும் உடுக்கும் பஞ்சில் இருப்பதும் ஒன்றாகா. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்து "வேண்டும்" என்றோ "வேண்டா" என்றோ தீர்ப்புக் கூறுவது நியாயமன்று. நெசவாளருக்கு இங்கேயே விடை கூறிவிடலாம். பஞ்சின் இழை ஏறத்தாழ முழுவதும் செல்லுலோஸ். மரபணு ஏற்றிய செடியிலும் அது அதே செல்லுலோஸ்தான். நூலாகி, வெளுத்து, சாயமேறி வரும் துணியை உடுத்துவதில் இவ்விதையால் தோஷம் ஏதும் இல்லை. நெசவாளர் கவலைப்படவேண்டியது உடம்பைப் பற்றியன்று, நூல் விலையைப் பற்றியே.

வாடகை எவ்வளவு?

விலையைப் பற்றிய இந்தக் கேள்வியைத்தான் நம் கூட்டங்களில் யாரும் போதிய அளவு கேட்பதில்லை. பி.டி. பருத்தியின் ஆரம்ப ஆண்டுகளில் 450 கிராம் விதைப் பொட்டலம் ஒன்றின் விலை சுமார் 1,600 ரூபாய். அதில் 1,250 ரூபாய் மரபணுவுக்கான கட்டணமாகவே சென்றது. விதையைப் பெருக்கியவர், பொட்டலம் கட்டியவர், விற்றவர் எல்லோருக்கும் சேர்த்து எஞ்சியது 350 ரூபாய். அந்த முதற் சரக்குக்கு இந்தியாவில் காப்புரிமையே பெறப்படவில்லை என்பது பிற்பாடுதான் பலருக்குத் தெரிந்தது. 2006-ம் ஆண்டில் ஆந்திரப் பிரதேச அரசாங்கம் ஏகபோக வியாபாரத் தடைக் கமிஷனில் முறையிட்ட பின்னரே விலை 750 ரூபாயாக இறங்கியது. 2015-ல் மத்திய அரசாங்கம் பருத்தி விதை விலைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. மரபணுக் கட்டணம் 2016-ல் 49 ரூபாயாகி, 2020-ல் முற்றிலும் நீக்கப்பட்டது. 1,250 ரூபாய் பூஜ்யமாயிற்று. இடையில் கொடுத்துத் தீர்த்தவர் யார்? கடன் வாங்கி விதைத்த விவசாயி.

விதை வீரிய ஒட்டு வகையாக விற்கப்பட்டதால் மறு வருஷத்துக்கு எடுத்து வைக்கவும் இயலவில்லை. தாமே விதையெடுத்துக் கொள்ளக்கூடிய பி.டி. இரகம் ஒன்றை நாகபுரியின் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையமும் தார்வாட் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கி 2009-ல் வெளியிட்டன. பொதுத்துறையின் சொந்தச் சரக்கு என்று கூறப்பட்ட அவ்விதையில் தனியார் கம்பெனியின் மரபணுத் துண்டே காணப்பட்டதால், அதே ஆண்டில் அது திரும்பப் பெறப்பட்டது. நல்ல நோக்கம் கணக்குச் சரியில்லாமல் வீணாயிற்று. சரக்கைச் சரிபாராமல் கிடங்கில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பொதுத்துறையே ஒரு பாடமாயிற்று.

"வாடகை இல்லையேல் ஆராய்ச்சி செய்பவர் யார்?" என்று கேட்போர் உண்டு. உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்பதில் நமக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த வண்டியைக் கண்டறிந்தவை பெரும்பாலும் பொதுப் பணத்தில் நடந்த பல்கலைக்கழகங்களும் அரசாங்க நிலையங்களும் ஆகும். பொதுச் சாலையில் ஓடும் வண்டிக்கு வாடகை வாங்கலாம், சாலைக்கே சொந்தம் கொண்டாடக்கூடாது. 2025 மே மாதத்தில் மத்திய அரசாங்கம் அறிவித்த மரபணுத் திருத்த நெல் இரகங்கள் இரண்டிலும் அயல் மரபணு ஏதும் இல்லை என்கிறார்கள். அங்கே சரக்கைப் பற்றிய அச்சம் குறையலாம். ஆயினும் திருத்தும் கருவியின் அடிப்படைக் காப்புரிமைகள் அமெரிக்க நிறுவனங்களின் கையில் இருப்பதால், வாடகைக் கேள்வி அங்கும் நம்மை விடாது.

நாம் செய்யவேண்டியது

முதலாவது, அடைக்கல வயல். பி.டி. பருத்தியை மட்டுமே எங்கும் விதைத்தால், அதைத் தின்றும் சாகாத புழுக்களே மிஞ்சி, தமக்குள் கூடிப் பெருகும். பக்கத்தில் சாதாப் பருத்தியும் சிறிது இருந்தால், அங்கே வளரும் சாதாப் புழுக்கள் அவற்றோடு கலந்து, எதிர்க்கும் குணம் பரவுவதைத் தாமதப்படுத்தும். இதற்காகவே 450 கிராம் பொட்டலத்துடன் 120 கிராம் சாதா விதையும் தரப்பட்டது. பலர் அதை விதைக்கவில்லை. பக்கத்து வயல்காரர் விதைக்கட்டும் என்று ஒவ்வொருவரும் எண்ணினர். பின்னர் இரு விதைகளையும் ஒரே பையில் கலந்து விற்கவேண்டியதாயிற்று. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலோ, 1996 முதல் பருத்தி விவசாயிகள் கூடி நின்று அடைக்கல வயலை ஒழுங்காக விட்டனர். பின்பு மலட்டு அந்துப்பூச்சிகளையும் வயல்களில் விட்டனர். 2018-ல் அந்நாட்டுப் பருத்தி நிலங்களிலிருந்து இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஒழிந்தது என்று அரசாங்கமே அறிவித்தது. அதே புழு, ஏறத்தாழ அதே சரக்கு. அங்கே கூட்டுறவு இருந்தது, இங்கே இல்லை. தனி ஒருவர் செய்து பயனில்லாததும், எல்லோரும் செய்தால் எல்லோருக்கும் பயன்படுவதுமான காரியத்துக்குத்தானே சங்கம் என்று பெயர்?

இரண்டாவது, பட்டியல் இல்லாத விதையை வாங்காமை. களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி என்று சொல்லி, அனுமதி பெறாத விதை சில மாநிலங்களில் மறைவாக விற்கப்படுகிறது. அதில் சரக்கு இன்னதென்று சொல்ல ஆளில்லை. பயிர் பொய்த்தால் ஈடு கேட்க ரசீதும் இல்லை. விதையைச் சங்கத்தின் மூலம் மொத்தமாகத் தருவித்து, தொகுதி எண்ணும் முளைப்புத் திறனும் பதிவேட்டில் ஏற்றி வழங்குவதே பாதுகாப்பு.

மூன்றாவது, விதையெடுக்கும் உரிமையைப் பயன்படுத்துதல். பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம், 2001, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகப் பெயரிடாமல் விற்கவும் உரிமை தந்திருக்கிறது. வீரிய ஒட்டு அல்லாத நல்ல இரகங்களின் விதையைச் சங்கமே பெருக்கி வைத்தால் இந்த உரிமை ஏட்டளவில் நின்றுவிடாது.

நான்காவது, பொது ஆராய்ச்சியைக் கேட்டுப் பெறுதல். மதுரையிலும் கோவையிலும் தரமணியிலும் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தச் சரக்கு வேண்டும் என்று சொல்லவேண்டியவர்கள் நாம். கடலோரத்து உவர் நிலத்துக்கு ஏற்ற நெல்லா, மானாவாரிக்கு ஏற்ற நீண்ட இழைப் பருத்தியா என்று நமது சம்மேளனங்கள் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பவேண்டும். சோதனை முடிவுகளைத் தமிழில் வெளியிடும்படியும் கேட்கவேண்டும். நாம் கேளாதிருந்தால், லாபம் தரும் சரக்கை மட்டுமே பிறர் ஏற்றி அனுப்புவர்.

1904-ம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததும், நமக்கு அண்மையிலுள்ள திரூரில் விவசாயிகள் கூடிச் சங்கம் கண்டனர். அவர்கள் பணத்தை வெறுத்து அவ்வாறு செய்யவில்லை. பணம் தீயது அன்று, அதன் கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்ததே தீமை என்று கண்டே செய்தனர். இன்று விதைக்கும் அதே நியாயம் பொருந்தும். மண்ணில் கிடக்கும் ஒரு நுண்ணுயிரின் திறமை எவருடைய பிதுரார்ஜிதமும் அன்று. வண்டியைக் கண்டு மிரளாமல், சரக்கைச் சோதித்து, வாடகைக்குக் கணக்குக் கேட்கும் துணிவை நமது சங்கங்கள் பெறுமாக.